சிரிக்கத் தெரிந்த அம்மாவும் நழுவிய கண்ணிகளும்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் தமிழ்ப்பள்ளிகளில் வாழ்த்துரைகளுக்குப் பஞ்சமே இராது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம். 16 ஆம் நாள் ஆசிரியர் தினம். ஆசிரியையாகவும் அம்மாவாகவும் இருப்பவர்கள் ஒரே மாதத்தில் இரண்டு முறை மெழுகுவர்த்தியாக உருக வேண்டும்! மேடையில் பேசுவோர் அனைவரும் 'தாய் ஒரு தெய்வம்' என்று தொடங்கி 'தாய்க்கு ஈடு எதுவுமில்லை' என்று முடிப்பார்கள். மாணவர்கள் கைதட்டுவார்கள். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு அந்தத் தாய்மார்களே நாற்காலிகளை அடுக்கி, சிற்றுண்டித் தட்டுகளைக் கழுவிவிட்டு வீடு திரும்புவார்கள்.

அன்னையர் தினத்தைத் தொடங்கி வைத்தவர் அன்னா ஜார்விஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1908 ஆம் ஆண்டில் தம் தாயின் நினைவாக அவர் தொடங்கிய வழிபாட்டு நிகழ்ச்சி, 1914 இல் அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சனின் அறிவிப்பால் நாடு தழுவிய நாளாயிற்று. பின்னாளில் அது வாழ்த்தட்டை வணிகமாக மாறியது கண்டு மனம் கசந்த ஜார்விஸ், தாம் தொடங்கிய நாளையே எதிர்த்துப் போராடினார் என்பது வரலாறு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

இச்செய்தியை ஒருமுறை எங்கள் ஆசிரியர் அறையில் நான் சொன்னபோது, மூலையில் கம்பளிநூல் பின்னிக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "பிள்ளை இருந்திருந்தால் ஒரு நாளைத் தொடங்கி வைக்க அந்த அம்மாவுக்கு நேரம் எங்கே கிடைத்திருக்கும்?"

இக்கட்டுரை அந்த மூத்த ஆசிரியையைப் பற்றியது. அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் அவரை 'அக்கா' என்றே அழைப்போம். ஆகவே இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். அவர் பேச்சுவழக்கில் சொன்னவற்றை எழுத்துவழக்கில் தருகிறேன். சுவை சற்றுக் குறைந்தால் பொறுத்தருள்க.

வெயில் ஊரில் கம்பளிநூல்

நம் நாட்டில் கம்பளிச் சட்டை பின்னுகிறவரைப் பார்ப்பது அரிது. கொக்கி ஊசியால் மேசை விரிப்புப் பின்னுவோர் உண்டு. நெகிழி வயரில் கூடை பின்னுவோர் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் இருந்தனர். ஆனால் இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு கம்பளி பின்னும் கலைக்கு இங்கே என்ன வேலை? நண்பகலில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பாகை வெயில் கொளுத்தும் ஊர் எங்களுடையது.

அக்கா ஆசிரியப் பணியைத் தொடங்கியது கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிருக்குக் கம்பளியின்றி முடியாது. பக்கத்து வீட்டில் குடியிருந்த முதிய பெண்மணி ஒருவர், பகலெல்லாம் கொழுந்து கிள்ளிய கையோடு மாலையில் பேரப்பிள்ளைகளுக்குக் குல்லாய் பின்னுவாராம். அவரிடம் கற்றுக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சமவெளிக்கு மாற்றல் கிடைத்தபோது ஊசிகளையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

"இந்த வெயிலில் கம்பளியா? யாருக்கு இது தேவை?" என்று கேட்காதவர் இல்லை. அக்காவின் விடை எப்போதும் ஒன்றுதான்: "தேவையா என்று கேட்டுத் தொடங்கியிருந்தால் மூன்று பிள்ளைகளும் பிறந்திருக்க மாட்டார்கள்."

அவருடைய பின்னலுக்குப் பயன் இல்லாமலும் இல்லை. பிறந்த குழந்தை எவ்வளவு வெயில் ஊரிலும் தலையில் குல்லாயோடுதான் இருக்கும் அல்லவா? எங்கள் பள்ளியில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அக்காவிடமிருந்து மென்மையான பருத்திநூலில் பின்னிய ஒரு குல்லாய் வந்துவிடும்.

தெய்வத்துக்கு நடை சாத்தும் நேரம் உண்டு

தாய்மையைப் பற்றி அக்கா பேசுவது பலருக்கு முதலில் அதிர்ச்சியாகவே இருக்கும்.

"தாய் தெய்வம் என்கிறீர்கள். சரி. கோயிலில் அம்மனுக்கு நண்பகலில் நடை சாத்துகிறார்கள். மாலை வரைக்கும் யாரும் தொந்தரவு செய்வதில்லை. என் வீட்டில் நான் குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட வெளியே மூன்று பக்தர்கள் நின்று கதவைத் தட்டுகிறார்கள்" என்பார்.

"மூத்தவன் பிறந்தபோது முழுக்கைச் சட்டை பின்னினேன். இரண்டாவது பிறந்தபோது அரைக்கை. மூன்றாவது பிறந்தபோது காலுறை, அதுவும் ஒரு காலுக்கு மட்டும். மற்றொரு காலுக்கு அவளே வளர்ந்து பின்னிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்" என்பார்.

"குழம்பில் உப்புக் குறைந்தால் அம்மாவின் கவனக்குறைவு. உப்புக் கூடினால் அம்மாவின் மறதி. சரியாக அமைந்துவிட்டால் மட்டும், இன்று மீன் நல்ல மீன்" என்பார்.

இவற்றைக் கேட்டுச் சிரிப்பவர்களும் இருந்தனர். முகம் சுளித்தவர்களும் இருந்தனர். ஒரு முறை ஆண் ஆசிரியர் ஒருவர், "அக்கா, தாய்மையைக் கேலி செய்வது பாவமில்லையா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அக்கா ஊசியை நிறுத்தாமல் விடை சொன்னார்: "தம்பி, நான் தாய்மையைக் கேலி செய்யவில்லை. தாய்மையைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கும் உரையைக் கேலி செய்கிறேன். உரை எழுதியவர் யாரும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பால் கரைத்ததில்லை."

அன்று முதல் நானும் இதைச் சிந்திக்கத் தொடங்கினேன். தாயைப் போற்றுவது நம் பண்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் போற்றப்படுகிற பெண் தம் களைப்பையும் சலிப்பையும் வாய்விட்டுச் சொல்ல இடம் இருக்கிறதா? பீடத்தில் ஏற்றி வைத்தவர் இறங்கி வந்து 'எனக்கு இடுப்பு வலிக்கிறது' என்று சொன்னால் நாம் கேட்கிறோமா?

இத்தகைய நகைச்சுவை நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பெரியாழ்வார் தம்மை யசோதையாக எண்ணிக்கொண்டு பாடிய பாசுரங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளை தொட்டிலை உதைத்தே பாழாக்குகிறது, எடுத்து வைத்தால் இடுப்பு நோகிறது, இதனோடு போராடி என் உடம்பே மெலிந்துவிட்டது என்று அந்தத் தாய் முறையிடுகிறாள். முறையீட்டுக்கு உள்ளானவனோ உலகளந்த பெருமாள்! இறைவனையே வளர்த்த தாய் அலுத்துக்கொள்வதைப் பக்தி இலக்கியம் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் அறை ஏற்காதிருப்பது சரியாகுமா?

வெள்ளிக்கிழமை இரவுகள்

அக்காவும் நானும் சில ஆண்டுகள் ஒரே குடியிருப்பில் வாழ்ந்தோம். வெள்ளிக்கிழமை இரவு அவர் வீட்டில் ஓர் எழுதப்படாத சட்டம் உண்டு. பாடநூல், வீட்டுப்பாடம், மறுநாள் வகுப்பு என்ற பேச்சே எடுக்கக்கூடாது. இரவு உணவு முடிந்ததும் குடும்பமே தொலைக்காட்சி முன் அமரும். நகைச்சுவைப் படம் மட்டுமே ஓடும். அக்கா மடியில் பின்னலோடு அமர்வார்.

கம்பளி பின்னுவதை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பின்னல் என்பது நூலால் ஆன கண்ணிகளின் வரிசை. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ள கண்ணியின் வழியாக இழுக்கப்பட்டது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவிவிட்டால் அது தான் மட்டும் போவதில்லை. கீழுள்ள வரிகளையும் ஏணிப்படிபோல் அவிழ்த்துக்கொண்டே இறங்கும். உடனே கண்டால் ஒரு கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். காணாமல் விட்டால் அங்கே ஒரு துளை நின்றுவிடும்.

நகைச்சுவை பார்த்துக்கொண்டே பின்னினால் என்னவாகும்? சிரித்துக் குலுங்கும்போது கண்ணி நழுவும். அக்கா வீட்டுச் சாய்வு நாற்காலியில் ஒரு நீண்ட சால்வை கிடக்கும். அதிலுள்ள துளைகளை அவர் விருந்தினருக்குக் காட்டுவார். "இது 'காதலிக்க நேரமில்லை' துளை. நாகேஷ் பாலையாவிடம் பேய்க் கதை சொன்ன இடம். இது 'கரகாட்டக்காரன்' துளை. இன்னொரு வாழைப்பழம் எங்கே என்று கவுண்டமணி கேட்ட இடம். பக்கத்தில் பெரியதாக இருக்கிறதே, அது 'பிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்த இடம்." 1964, 1989, 2001 என்று முப்பத்தேழு ஆண்டுத் தமிழ் நகைச்சுவை வரலாறு அந்தச் சால்வையில் துளைகளாக இருந்தது.

அக்காவுக்குப் பி. ரம்லியின் படங்களும் உயிர். 1964 இல் வெளிவந்த 'தீகா அப்துல்' படத்தை அந்த வீட்டில் மனப்பாடமாகவே அறிவார்கள். அப்படத்தில் திருமணத்துக்கு ஒரு வேடிக்கையான நிபந்தனை: கோபப்படுகிறவர் தோற்றவர், அவர் அடிமையாக விற்கப்படுவார். அக்கா அந்த நிபந்தனையைத் தம் வீட்டிலும் நடைமுறைப்படுத்தினார். வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை யார் முதலில் கத்துகிறாரோ அவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். "ஆண்டில் நாற்பது வாரம் நான்தான் கழுவினேன். ஆனால் பிள்ளைகள் என் முகத்தை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் கலை அது, வேறு எந்தப் பள்ளியிலும் கிடைக்காது" என்பார்.

தமிழ்ப் படங்களில் வரும் அம்மாக்களைப் பற்றி அவருக்குத் தனி ஆராய்ச்சியே உண்டு. "தமிழ்ப்பட அம்மாவுக்கு இரண்டு வேலை. ஒன்று, தையல் எந்திரம் ஓட்டுவது. மற்றொன்று, இருமுவது. முதல் காட்சியில் இருமினால் இடைவேளைக்குள் மாலை போட்ட படமாகிவிடுவார். நல்லவேளை, பின்னல் ஊசி பிடித்த அம்மா யாரும் படத்தில் இல்லை. நான் பிழைத்துக்கொள்வேன்."

2004 இல் வந்த 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' படத்தின் ஒரு பகுதி நம் மலேசியாவில் நடப்பது என்பதால் நம்மவர்கள் ஆவலோடு பார்த்தோம். நதியா நடித்த அந்த அம்மா மகனோடு சமமாகக் கேலி பேசுபவர், விளையாடுபவர். அக்கா மகிழ்ந்து போனார். ஆனால் கதை பாதியை எட்டுவதற்குள் அந்த அம்மா இறந்துவிடுகிறார். "பார்த்தாயா? சிரிக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் கதை நடத்த அவர்களுக்குத் தெரியவில்லை!" என்று பின்னலைத் தூக்கிப் போட்டுவிட்டார். 2012 இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' வந்தபோதுதான் மனம் ஆறினார். பட்டத் தேர்வில் தேறிவிடத் துடிக்கும் அம்மாவாகச் சரண்யா பொன்வண்ணன் அதில் சிரிக்க வைப்பார். இறுதிவரை உயிரோடும் இருப்பார்.

எதைக் கண்டு சிரிப்பது?

பெற்றோர் சிலர் இங்கே ஒரு வினா எழுப்பலாம். நம் நகைச்சுவைக் காட்சிகளில் அடியும் உதையும், நிறத்தையும் உடலையும் பழிக்கும் சொற்களும் நிரம்பியிருக்கின்றனவே. பிள்ளைகளை இவற்றின் முன் உட்கார வைக்கலாமா? நியாயமான வினா. மறுநாள் வகுப்பில் அந்தச் சொற்கள் எந்தப் பிள்ளையின் மேல் வந்து விழுகின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

பயிற்சிக் கல்லூரியில் படித்த தொல்காப்பியம் இங்கே எனக்கு உதவியது. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையைத்தான். நகை தோன்றும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காம். இவற்றுள் எள்ளலுக்கு உரை கூறும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும் உண்டு, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதும் உண்டு என இருவகையாகப் பிரிப்பார். நம் வகுப்பறைகளில் முதல் வகைக்குக் குறைவில்லை. இரண்டாம் வகையை யார் கற்றுக்கொடுப்பது?

அக்கா தம் பிள்ளைகளுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன். காட்சியில் யாராவது ஒருவரின் நிறத்தைப் பழித்தால் தொலைக்காட்சியை நிறுத்த மாட்டார். "இது என் பின்னலில் துளை போடவில்லை" என்று மட்டும் சொல்வார். சிரிப்பு வரவில்லை என்பது அதன் பொருள். பிள்ளைகளும் சில மாதங்களில் அதே சொல்லைச் சொல்லத் தொடங்கினார்கள். அறிவுரை எதுவும் கூறாமலேயே எது நல்ல நகைச்சுவை, எது வன்மம் என்று அவர்கள் பிரித்தறிந்தார்கள்.

கனடாவில் படித்த அவருடைய மகள் ஒருமுறை 'அட் நிட்ஸ் எண்ட்' என்ற ஆங்கில நூலை அனுப்பி வைத்தாள். 2005 இல் வெளிவந்த அந்நூலை எழுதியவர் தொரந்தோ நகரைச் சேர்ந்த ஸ்டெஃபனி பெர்ல்-மக்ஃபி. மூன்று பெண்பிள்ளைகளின் தாய். பின்னல் பைத்தியத்தையும் குடும்ப வாழ்வையும் நகைச்சுவையாக எழுதிப் புகழ்பெற்றவர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கையும் கெடாவையும் தமிழகக் கரையையும் தாக்கிய பிறகு, பின்னுவோரை ஒன்றுதிரட்டி எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு நிதி சேர்த்தவரும் அவரே. "பார், உலகத்தின் மறுகோடியில் எனக்கு ஒரு கூட்டாளி" என்று அக்கா அந்நூலைப் பல மாதம் கைப்பையிலேயே வைத்திருந்தார்.

தாய்மையை நகைச்சுவையாகக் காட்ட மேலைநாட்டிலும் தயக்கம் இருந்தது. 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நாயகி லூசில் பால் உண்மையிலேயே கருவுற்றபோது, 'கர்ப்பம்' என்ற சொல்லையே வசனத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தொலைக்காட்சி நிலையம் தடுத்தது. ஆயினும் 1953 ஜனவரி 19 இல் குழந்தை பிறக்கும் காட்சி ஒளிபரப்பாகியது. ஏறக்குறைய 4 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தனர். அதே நாளில்தான் அவருக்கு உண்மையிலும் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவ நேரத்தில் வீடே தடுமாறி ஓடும் அந்தக் காட்சியைக் கண்டு ஒரு நாடே சிரித்தது. தாய்மைக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

ஒரு சிரிப்பின் விலை

இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் மகப்பேறு விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பினார். முதற்பிள்ளை. எல்லோரும் வாழ்த்தினோம். "பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் களைப்பெல்லாம் பறந்துவிடுமே!" என்றார் ஒருவர். "தாய்மை அடைந்தபின் முகத்தில் ஓர் ஒளி வந்துவிட்டது" என்றார் மற்றொருவர். அந்த இளம்பெண் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். சீருடை போல் ஒரே புன்னகையை அணிந்திருந்தார். இரண்டு வாரம் அவ்வாறே சென்றது.

ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அக்கா அவர் அருகில் அமர்ந்து, பின்னி முடித்த குல்லாயை மடியில் வைத்தார். "உனக்கு ஒன்று சொல்லட்டுமா, மா? என் மூத்தவன் பிறந்த பத்தாம் நாள். இரவு முழுக்க அழுகை. விடியற்காலையில் நான் மருத்துவமனைக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். ரசீதைத் தேடுகிறேன், ஏழு நாளைக்குள் என்றால் மாற்றிக் கொடுப்பார்களா என்று பார்க்கிறேன் என்றேன்."

அந்த இளம்பெண் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அழுகையாக மாறிற்று. "டீச்சர், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. நான் கெட்ட தாய் என்று தோன்றுகிறது. நான் இல்லாவிட்டால் பிள்ளை நன்றாக வளரும் என்று தோன்றுகிறது" என்றார்.

அக்கா ஊசிகளைக் கீழே வைத்தார். அதன் பிறகு ஒரு நகைச்சுவையும் பேசவில்லை. எத்தனை நாளாக உறக்கம் இல்லை, உணவு உண்கிறாயா, இதைக் கணவரிடம் சொன்னாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அன்று மாலையே அவர் கணவரை அழைத்துப் பேசினார். மறுநாள் காலை மூவரும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் சென்றார்கள். நானும் மற்றோர் ஆசிரியையும் அவர்களுடைய வகுப்புகளைப் பார்த்துக்கொண்டோம்.

அங்கே தாதி ஒரு தாளைக் கொடுத்தாராம். பத்துக் கேள்விகள். பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய 1987 இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோல் அது. இன்று உலகின் பல மொழிகளில் பயன்படுகிறது. அதன் முதற்கேள்வி என்ன தெரியுமா? கடந்த ஏழு நாளில் உங்களால் சிரிக்க முடிந்ததா, நிகழ்வுகளின் வேடிக்கையான பக்கத்தைக் காண முடிந்ததா என்பதே! உறக்கத்தைப் பற்றியும் அழுகையைப் பற்றியும் கேட்பதற்கு முன்பே சிரிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

"முதற்கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஏழு நாளில் ஒரே ஒரு முறை சிரித்தேன், அது நேற்று, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தாதியிடம் கேட்டேன்" என்று அந்த ஆசிரியை பின்னாளில் என்னிடம் கூறினார்.

சிரிப்பு அவரைக் குணப்படுத்திவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் தந்த சிகிச்சையும், ஆலோசனையும், இரவுப் பாலூட்டலில் பாதியைக் கணவர் ஏற்றுக்கொண்டதும், மாமியார் வந்து இரண்டு மாதம் உடனிருந்ததும் சேர்ந்துதான் அவரை மீட்டன. ஆறேழு மாதம் ஆயிற்று. சிரிப்பு செய்தது ஒன்றே ஒன்று: பூட்டியிருந்த வாயைத் திறந்தது. 'தாய் தெய்வம்' என்ற சொல்லிடம் ஒரு பெண் தன் இருண்ட எண்ணங்களைக் கூறமாட்டாள். ரசீதைத் தேடிய இன்னொரு தாயிடம் கூறுவாள்.

குழந்தை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அஃதாவது எட்டுப் பேரில் ஒருவர். உங்கள் பள்ளியில், உங்கள் குடும்பத்தில் அவர் யார்?

'என் அம்மா' கட்டுரை

இவையெல்லாம் மனத்தில் இருந்ததால், சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் அம்மா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. அக்கட்டுரையை நாம் அனைவரும் அறிவோம். சேவல் கூவுமுன் எழும் அம்மா, அறுசுவை உணவு சமைக்கும் அம்மா, மெழுகுவர்த்தியாய் உருகும் அம்மா. இருபத்தெட்டு மாணவர்கள் எழுதினாலும் அம்மா ஒருவர்தான். அவருக்கு முகம் கிடையாது. தொடர்களில் பிழை இருக்காது, மதிப்பெண்ணும் குறையாது.

அதற்கு மாறாக, 'உன் அம்மா எப்போது சிரிப்பார்?' என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியாயிற்று. வழக்கமான தொடர் எதுவும் இந்தத் தலைப்புக்குப் பொருந்தவில்லை. பலர் எழுதுகோலைக் கடித்தார்கள்.

பிறகு வந்தன கட்டுரைகள். அப்பா மலாய்ப் பாடல் பாடும்போது அம்மா சிரிப்பார். அத்தையோடு தொலைபேசியில் பேசும்போது சிரிப்பார்; நான் அருகில் போனால் நிறுத்திவிடுவார். தம்பி முகப்பவுடரைப் பூனைக்குப் பூசியபோது முதலில் அடிக்க வந்து, பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தார். ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறு அம்மா இருந்தார்.

ஒரு மாணவன் இரண்டே வரி எழுதியிருந்தான். 'என் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பள்ளியில் இருக்கும்போது சிரிப்பார் போலும்.'

அவன் தாயார் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர். அவனுக்குத் திருத்தக் குறி எதுவும் இட எனக்கு மனம் வரவில்லை. வகுப்பு முழுமைக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: நீ குழந்தையாக இருந்தபோது செய்த வேடிக்கை ஒன்றை உன் அம்மாவிடமோ உன்னை வளர்ப்பவரிடமோ கேட்டு எழுதி வா.

மூன்று நாள் கழித்து அவன் ஒரு பக்கம் முழுக்க எழுதி வந்தான். இரண்டு வயதில் அவன் அம்மாவின் வேலைக் காலணிக்குள் ஒரு கரண்டிச் சோற்றை ஒளித்து வைத்தானாம். அம்மா அவசரமாகக் காலை நுழைத்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் கண்டுபிடித்தாராம். கடைசி வரி இது: 'இதைச் சொல்லும்போது அம்மாவால் பேச முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு ஒரு பக்கத்துப் பல் சிறியது.'

பத்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த பிள்ளை அன்றுதான் தன் தாயின் பல்லைப் பார்த்திருக்கிறான்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் இத்தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். தாய் இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே 'உன்னை வளர்ப்பவர்' என்று எழுதுவது நலம். பெற்றோர்களே, வாரத்தில் ஓர் இரவாவது பாடநூலை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு நல்ல நகைச்சுவைக் காட்சியைப் பாருங்கள். அந்த வேளையில் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிடுங்கள். மடியில் பின்னல் இருந்தால் குற்றமில்லை. உங்கள் வீட்டில் அண்மையில் பிள்ளை பெற்ற மகளோ மருமகளோ இருந்தால், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன் அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று கேளுங்கள். விடை சொல்ல அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டால் அவரைச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

அக்கா இப்போது பேரப்பிள்ளைக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் பார்த்தபோது அரைக்கையில் நின்றிருந்தது. "முதல் பேரன் ஆயிற்றே, முழுக்கை இல்லையா?" என்று கேட்டேன். "இந்த வயதில் எனக்குத் தொலைக்காட்சி பார்க்கவே நேரம் போதவில்லை" என்றார்.